வாடியும் போடியும்

தூது விடுதல் தமிழ்ப் புலவர்க்குக் கைவந்த கலை. அன்னத்தையும் கிளியையும் மயிலையும் முகிலையும் தூது விட்டார்கள். அவை போதா என்று பணத்தையும் புகையிலையையும், முடிவில் தமிழையுமே தூது விட்டார்கள். தூது என்பது சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றாகி, கலிவெண்பாவைத் தனக்குரிய யாப்பாகவும் பெற்றது. இத்தனை தூதுகளுக்கும் பொதுவான நற்பேறு ஒன்று உண்டு. தூது செல்வது எதுவாயினும் அது வழி கேட்பதில்லை. அன்னத்துக்குப் பேருந்தின் எண் தெரிய வேண்டியதில்லை. முகிலுக்கு எந்த நிலையத்தில் இறங்குவது என்று எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. இந்த வசதிகள் யாவும் நீங்கிய தூது தமிழில் உண்டா என்று ஆராயப் புகுவோர்க்கு, 2005ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் செவ்வாய்க்கிழமை, புனே நகரின் ராஸ்தா பேட்டையிலிருந்து போபோடிக்கு நம் சித்தப்பாவின் தலைமையில் புறப்பட்ட தூதினை எடுத்துக்காட்டலாம்.

தூதின் பொருள் ஒரு தாள். மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில், தாம் உயிரோடு இருப்பதாக வங்கிக்குச் சான்று அளித்தல் வேண்டும். நேரே சென்று அலுவலர் முன்னிலையில் கையொப்பமிடுவது ஒரு வழி. நடக்க இயலாதவர்கள், சான்று வழங்கும் உரிமை பெற்ற அரசு அதிகாரி ஒருவர் முன் ஒப்பமிட்டு, அவருடைய முத்திரையோடு தாளை அனுப்புவது மற்றொரு வழி. 2014 நவம்பரில் விரல் ரேகை வைத்தே சான்றளிக்கும் வசதி வந்தது. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டினாலே போதும் என்னும் நிலையும் வந்தது. நாம் சொல்வது தாளின் காலத்துக் கதை. தாள் சேராவிடின் பணம் நின்றுவிடும். நம் அத்தைக்கு ஒருமுறை அவ்வாறே நேர்ந்தது. தாள் எந்த மேசையிலோ தங்கிவிட, மூன்று திங்கள் அவர் கணக்கில் பணம் ஏறவில்லை. "மூணு மாசம் செத்திருந்தேன், அப்புறம் பிழைச்சேன்" என்று அத்தை அதைச் சொல்லிச் சிரிப்பார். அந்த மூன்று திங்களும் அண்டை வீட்டில் கைம்மாற்று வாங்கி அரிசி வாங்கியதை மட்டும் சிரிக்காமல் சொல்வார்.

மாமா தஞ்சை மாவட்டத்திலிருந்து இளமையிலேயே கட்கிக்கு வந்து அம்யூனிஷன் பாக்டரியில் வேலைக்கு அமர்ந்தவர். 1869இல் தொடங்கிய அத்தொழிற்சாலையையும், அதனைச் சூழ்ந்த படைத்துறைப் பண்டகசாலைகளையும் பணிமனைகளையும் நம்பித் தென்னாட்டிலிருந்து வந்து கட்கியிலும் போபோடியிலும் குடியேறிய குடும்பங்கள் பல. ஊதியம் சிறிது, ஆயினும் மாதந்தோறும் தவறாமல் வருவது. வானம் பார்த்த நிலத்தை விட்டு வந்தவர்களுக்குத் தவறாமல் வருவது என்பதே பெரிய சொத்து. 2021 அக்டோபரில் நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது அத்தொழிற்சாலையும் ஒரு புதிய பெயரின் கீழ்ப் போயிற்று. அத்தை கடைசிவரை அறிந்திருந்தது 'பாக்டரி' என்னும் ஒரே பெயரைத்தான்.

சித்தப்பா கும்பகோணத்தில் முப்பத்திரண்டு ஆண்டு கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை அவருக்கு எட்டாண்டு மூத்தவர். 1991இல் மாமா காலமானபோது கும்பகோணத்துக்குத் தந்தி போயிற்று. சித்தப்பாவோ பொதுத்தேர்வு மேற்பார்வைக்காக வெளியூரில் இருந்தார். தந்தி அவர் கைக்கு வந்த நாளில் இங்கே காரியங்கள் முடிந்துவிட்டிருந்தன. இனிப் போய் என்ன செய்வது என்று அன்று ஒத்திவைத்த பயணம் பதினான்கு ஆண்டு ஒத்திப் போயிற்று. அத்தை அதைப் பற்றி எந்தக் கடிதத்திலும் ஒரு சொல் எழுதியதில்லை. எழுதாததுதான் சித்தப்பாவை உறுத்தியிருக்க வேண்டும்.

நாம் புனேவுக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் வாரம் அவர் நம் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். அத்தைக்கு முழங்கால் வலி, வங்கிக்கு வர இயலவில்லை, தாளைக் கொண்டுபோய் ஒப்பம் வாங்கி வர வேண்டும் என்று கேட்டதுமே, "அக்கா வீட்டுக்கு நான் வெறுங்கையோடு போக மாட்டேன். அந்தத் தாளோடுதான் போவேன்" என்று சொல்லிவிட்டார். அத்தையின் தெருவில் அரசு மருத்துவர் ஒருவர் குடியிருந்தார். பத்து மணிக்குள் வந்துவிட்டால் சான்றளித்துவிட்டுப் பணிக்குச் செல்வதாக அவர் வாக்களித்திருந்தார். நம்மிடம் அப்போது கைப்பேசி இல்லை. அத்தை வீட்டில் தொலைபேசியே இல்லை.

அத்தை முன்பு நம் வீட்டுக்கு வந்தபோது தம் கையால் எழுதித் தந்த வழிக்குறிப்பு ஒன்று இருந்தது. "வழி எனக்குத் தெரியும்" என்று சித்தப்பா அதை வாங்கி, படிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் இளமையில் பதினொரு மாதம் பம்பாய் மாதுங்காவில் தங்கியிருந்தவர். மாதுங்காவில் பதினொரு மாதம் இருந்தவருக்குத் தமிழ் மறந்திராது என்பது உறுதி. மராத்தி வந்திருக்கும் என்பது அவ்வளவு உறுதியன்று. ஆயினும் மூத்தவர் முன்னே நடக்க இளையவர் பின்னே செல்வது நம் குடும்ப வழக்கம். தாள் ஒரு மஞ்சள் பையில் ஏறியது. பையில் கும்பகோணத்து ஜவுளிக்கடை ஒன்றின் பெயர் சிவப்பெழுத்தில் இருந்தது. எட்டரை மணிக்கு நடந்து புனே ரயில் நிலையத்தின் எதிரே பேருந்துகள் நிற்குமிடத்தை அடைந்தோம்.

அன்று நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள எண்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மகாராட்டிரத்தில் பேருந்தின் நெற்றியில் எழுதுவது தேவநாகரி எண். தமிழ்நாட்டுக் கண்ணுக்கு மராத்தி ஒன்று ஏறத்தாழ ஒன்பது. நான்கு, தலை திறந்த எட்டு. ஏழு, திரும்பி நிற்கும் ஆறு. ஆறோ, முகத்தைத் திருப்பிக்கொண்ட மூன்று. பூச்சியம் ஒன்றே இரு தரப்புக்கும் பொது. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபை ஆட்சிமொழியைப் பற்றி வாதிட்டபோது, மொழியைக் காட்டிலும் எண்களின் வடிவம் பற்றிய சச்சரவே பெரிதாக இருந்தது. முன்ஷியும் கோபாலசாமி ஐயங்காரும் வகுத்த உடன்பாட்டின்படி, மொழி தேவநாகரியில் இந்தி என்றும், எண்கள் மட்டும் 'இந்திய எண்களின் பன்னாட்டு வடிவம்' என்றும் அம்மாதம் 14ஆம் நாள் முடிவாயிற்று. தென்னாட்டு உறுப்பினர்கள் அதற்காக வரிந்துகட்டி நின்றார்கள். பயன், தில்லியின் கோப்புகளில் நமக்கு விளங்கும் எண் நிலைத்தது. பேருந்தின் நெற்றி தில்லியின் கோப்பன்று. நம் சொந்தத் தமிழ் எண்களோ பஞ்சாங்கத்தோடு ஒதுங்கிவிட்டன. மராத்தியர் தம் எண்களைக் கடைச் சீட்டிலும் வீட்டுக் கதவிலும் வண்டியிலும் நாள்தோறும் புழங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதில் நமக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. அன்று காலை அந்தப் பொறாமைக்கு நேரமில்லை.

சித்தப்பா கணித ஆசிரியர். எண்ணைக் கண்டு தயங்குவது அவர் தொழிலுக்கு இழுக்கு. வழிக்குறிப்பின் முதல் வரியில் இருந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு, வந்து நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகக் கணித்தார். நான்காவது வண்டியைக் கண்டதும், "இதுதான். ஏறு!" என்றார். ஏறினோம்.

நடத்துநர் வந்தார். "போபோடி, ரெண்டு" என்றார் சித்தப்பா. இங்கே இலக்கணம் குறுக்கிட்டது. தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரத்தை வலிதாகவும், இடையில் வரும் பகரத்தை மெலிதாகவும் ஒலிப்பது நம் இயல்பு. போபோடி என்னும் பெயரிலோ முதற் பகரம் 'பஸ்' என்பதில் வரும் பகரம். இரண்டாவது 'பால்' என்பதில் வரும் பகரம். ஆகவே எழுதியிருப்பதைத் தமிழன் தமிழ் முறைப்படி பிழையின்றிப் படித்தால், அந்தப் பெயர் தலைகீழாக வெளிவரும். அவ்வாறு வெளிவந்த பெயரில் புனே நகரில் ஊர் எதுவும் இல்லை. நடத்துநர் இரண்டு முறை கேட்டார். பின்பு தம் வண்டி போகும் ஊர்களுள் ஒலியால் நெருங்கியதைத் தேர்ந்து, "பிப்வேவாடி?" என்றார். "அதேதான்" என்று தமிழில் மறுமொழி சொல்லி, சித்தப்பா சீட்டுகளை வாங்கிப் பையில் வைத்தார்.

போபோடி நகரின் வடமேற்கில் இருக்கிறது. பிப்வேவாடி தெற்கில் இருக்கிறது. வண்டி சுவார்கேட்டைக் கடந்து, மார்க்கெட் யார்டின் மூட்டைகளையும் பாரவண்டிகளையும் கடந்து, குன்றுகளின் அடிவாரத்தை நோக்கிச் சென்றது. "அக்கா குன்றைப் பற்றி எழுதவில்லையே" என்றார் சித்தப்பா. வண்டி நின்றது, எல்லாரும் இறங்கினார்கள். மணி ஒன்பதே முக்கால். மருத்துவர் பத்து மணி வரை காத்திருப்பார்; ஒருவேளை பதினொன்று வரையிலும் இருக்கலாம் என்று சித்தப்பா தாமே நீட்டித்துக்கொண்டார்.

கல்லூரி மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில் வழி சொல்லிச் சிவாஜிநகருக்குப் போகும் வண்டியில் நம்மை ஏற்றிவிட்டார். சிவாஜிநகரில் இறங்கியபோது சித்தப்பாவுக்குப் பேருந்துகளின் மீது இருந்த நம்பிக்கை முற்றும் அற்றுப்போயிருந்தது. "ரயில் பொய் சொல்லாது. போர்டிலே ஊர்ப் பெயரை இங்கிலீஷிலும் எழுதியிருப்பான்" என்று ரயில் நிலையத்துக்கு நடந்தார். லோணாவளா செல்லும் உள்ளூர் ரயில்கள், பம்பாயில் உள்ளவைபோல் ஒன்றன் வால் பிடித்து ஒன்று வருவன அல்ல. முற்பகல் கழிந்துவிட்டால் அவற்றுக்கு ஓய்வெடுக்கும் வழக்கமும் உண்டு. நடைமேடையின் பெஞ்சியில் அமர்ந்து, சித்தப்பா அப்போதுதான் அத்தையின் குறிப்பை முழுதாக விரித்தார். விரித்தவர் உரக்கச் சிரித்துவிட்டார்.

சிவாஜிநகரிலிருந்து வடமேற்கே போகும் நெடுஞ்சாலையின் ஊர்களை அத்தை வரிசையாக எழுதியிருந்தார். முதலில் வாக்டேவாடி, பின்பு கிர்க்கி, பின்பு போபோடி, அதன்பின் தாபோடி, புகேவாடி, காசர்வாடி. 'வாடி' என்பது மராத்தியில் சிற்றூர். நம் காதில் அது வேறு. "பாரப்பா, முதல் ஊர்க்காரன் 'வாடி' என்கிறான். அடுத்தவன் 'போ, போடி' என்கிறான். அதற்கடுத்தவன் 'தா, போடி' என்கிறான். கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு துரத்துகிறான். துரத்தின பிறகு இரண்டு பேர் மறுபடியும் 'வாடி, வாடி' என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் அக்கா நாற்பது வருஷமாக இந்த ஊரில் எப்படிக் குடித்தனம் பண்ணுகிறாள்?" என்றார். அவர் சிரித்ததை அன்று நாம் பார்த்தது அந்த ஒரு முறைதான். 2023 ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து இவ்வூர்கள் வழியே சிவில் கோர்ட்டு வரையில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. போபோடிக்கென்றே ஒரு நிலையமும் உண்டு. புகேவாடி, தாபோடி, போபோடி என்று ஒலிபெருக்கி முறையாக அறிவிக்க, அவ்வண்டியில் தமிழர் எவரேனும் தனியே சிரித்துக்கொண்டிருந்தால் அன்பர்கள் அவரைத் தவறாக எண்ண வேண்டா.

ரயில் வந்தபோது மணி பதினொன்றே முக்கால். குறிப்பில் 'கிர்க்கியில் இறங்கி நடக்கலாம்' என்று தெளிவாக இருந்தது. சித்தப்பா சன்னலோரம் அமர்ந்து கிர்க்கி என்னும் பலகையை எதிர்நோக்கியிருந்தார். அந்தப் பலகை வரவில்லை, வரவும் வராது. கிர்க்கி என்பது ஆங்கிலேயர் நாவில் திரிந்த பெயர். 1817 நவம்பர் 5ஆம் நாள் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையும் கும்பினிப் படையும் பொருத இடத்தைப் பழைய ஆங்கில நூல்கள் அப்பெயரால் எழுதின. இன்றும் உலகப் போர்களில் மடிந்தோரின் கல்லறைத் தோட்டத்துக்கு அதுவே பெயர். படைத்துறைக் குடும்பங்களும் அந்தப் பெயரையே பழகியிருந்தன. ரயில் நிலையத்தின் பலகையில் இருப்பது கட்கி. வண்டி கட்கியில் நின்றது. இறங்கவேண்டியவர்கள் இறங்கினார்கள். "இது வேறு ஏதோ ஊர், நமக்குக் கிர்க்கி" என்றார் சித்தப்பா. வண்டி நகர்ந்து ஆற்றைக் கடந்து மீண்டும் நின்றபோது, ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயரின் வால் மட்டும் அவர் கண்ணில் பட்டது. "போடி வந்துவிட்டது! இறங்கு, இறங்கு!"

அது தாபோடி.

ஆற்றுக்கு அப்பால் வந்துவிட்டோம் என்பதைத் தேநீர்க் கடைக்காரர் கையைக் காட்டி உணர்த்தினார். அந்த முளா ஆறு ஓர் எல்லை. இக்கரையில் போபோடி, புனே மாநகராட்சிக்கு உட்பட்டது. அக்கரையில் தாபோடி, 1982இல் மாநகராட்சியான பிம்பிரி-சிஞ்ச்வடுக்கு உட்பட்டது. அந்நாளில் இரு நகரங்களுக்கும் தனித்தனிப் பேருந்து நிறுவனங்கள் இருந்தன. 2007இல்தான் இரண்டும் ஒன்றாயின. பேருந்து ஒன்றுக்கே அஞ்சிக்கொண்டிருந்த சித்தப்பா, இரண்டு வகைப் பேருந்துகள் உண்டு என்று கேட்டதும் நடப்பதென்று முடிவு செய்துவிட்டார்.

ஆற்றைக் கடப்பது ஹாரிஸ் பாலம். 1895இல் கட்டப்பெற்றது. 1890 முதல் 1895 வரை பம்பாய் மாகாண ஆளுநராக இருந்த ஹாரிஸ் பிரபுவின் பெயரைத் தாங்கியது. இங்கிலாந்துக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர். பம்பாய் சாலையின் பாரவண்டிகள் பாலத்தை அதிரவைத்துக்கொண்டு சென்றன. நடுப்பாலத்தில் சித்தப்பா நின்றுவிட்டார். குறிப்பின் கடைசி வரியை அப்போதுதான் படித்திருந்தார். 'பாலம் வந்தால் தாண்டாதே. தாண்டினால் நீ என் வீட்டைத் தாண்டிவிட்டாய்' என்று அத்தை அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். கீழே நீர் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டே கால். மருத்துவர் எப்போதோ புறப்பட்டிருப்பார். மறுநாள் முப்பதாம் தேதி. அதற்கு மறுநாள் டிசம்பர்.

"சாவுக்குத்தான் வரவில்லை. உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லக்கூட வரவில்லை என்றால் அவள் என்னை என்ன நினைப்பாள்?" என்றார். நம்மிடம் சொன்னதாகத் தோன்றவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பின்பு மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அறுபத்தாறு வயதுக்காரர் நம்மால் ஈடுகொடுக்க முடியாத விரைவில் நடக்கலானார்.

இக்கரை வந்து சேர்ந்ததும் நம்மைக் காத்தது அந்தப் பைதான். காய்கறித் தள்ளுவண்டி ஒன்றின் அருகே நின்றிருந்த முதியவர் ஒருவர், நம் முகத்தைப் பாராமல் பையையே உற்றுப் பார்த்தார். "கும்பகோணமா? அந்தக் கடை இன்னும் இருக்கா?" என்று தமிழில் கேட்டார். இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்தால் ஆகாதது ஒரு ஜவுளிக்கடைப் பையால் ஆயிற்று. அவர் கட்கியில் படைத்துறைப் பண்டகசாலை ஒன்றில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். சித்தப்பா முகவரியைச் சொன்னார். "முதல் ப, பஸ்ஸிலே வர்ற ப, ரெண்டாவது, பாலிலே வர்ற ப. மாத்திச் சொன்னீங்கன்னா இங்கே யாருக்கும் புரியாதுங்க" என்று பாடம் சொல்லிக்கொண்டே அத்தையின் தெரு வரையில் உடன் வந்தார். முப்பத்திரண்டு ஆண்டு பிறருக்குப் பாடம் சொன்னவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.

அத்தை வீட்டில் பூட்டுத் தொங்கிற்று.

அண்டை வீட்டு அம்மையார் எட்டிப் பார்த்து, "ஆஜி பேங்கேத் கேல்யா" என்றார். பாட்டி வங்கிக்குப் போயிருக்கிறார் என்பது பொருள். நம் சித்தப்பாவின் காதில் அது 'பாங்கிலே கேளய்யா' என்று விழுந்தது. "ஏன் பாங்கில் கேட்க வேண்டும்? என் அக்கா எங்கே என்று இவர்களைத்தானே கேட்கிறேன்" என்று அவர் முகம் சிவந்தது. முதியவர் இடைபுகுந்து பொருள் சொன்னார். மருத்துவர் பதினொரு மணி வரையில் காத்திருந்து புறப்பட்டாராம். அத்தை வாயிற்படியிலேயே பன்னிரண்டு மணி வரையில் அமர்ந்திருந்து, பின்பு சேலை மாற்றிக்கொண்டு, கைத்தடியோடு பேருந்து ஏறிவிட்டாராம். நாம் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அதே நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் அவர் போய்க்கொண்டிருந்தார். சித்தப்பா பூட்டைத் தொட்டுப் பார்த்தார். அந்த அம்மையார் தந்த தேநீரைக் குடிக்காமல் கையிலேயே நெடுநேரம் வைத்திருந்தார்.

முதியவர் எண்ணைப் படித்துச் சரியான பேருந்தில் நம்மை ஏற்றிவிட்டார். வரும் வழியில் எவரும் பேசவில்லை. ராஸ்தா பேட்டையில் நம் வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி இரண்டரை. உள்ளே நாற்காலியில் கால்களை நீட்டி, காபி அருந்திக்கொண்டு அத்தை அமர்ந்திருந்தார்.

வங்கியில் வேலை கால் மணியில் முடிந்துவிட்டதாம். புதிய தாளை அவர்களே தந்தார்களாம். அலுவலர் அவர் முகத்தையும் புத்தகத்தில் ஒட்டியிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்து, "ஆஜி, இந்தக் காலோடு ஏன் வந்தீர்கள்? யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாமே" என்றாராம். "ஆள் வரும்னு சொன்னாங்க, அதுக்குள்ளே உயிரோடேயே நான் வந்துட்டேன்னு சொன்னேன்" என்றார் அத்தை.

சித்தப்பா வாயிற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. பதினான்கு ஆண்டுக்குப் பின் தமக்கையைப் பார்த்தவர், மஞ்சள் பையிலிருந்து அந்த வெற்றுத் தாளை எடுத்து நீட்டினார். "அக்கா, நான் அன்றைக்கும்..." என்று தொடங்கினார், மேலே ஓடவில்லை.

அத்தை தாளை வாங்கி இருபுறமும் பார்த்தார். "இது அடுத்த வருஷத்துக்கு ஆகும்" என்று மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அப்போ தந்தி லேட்டு. இப்போ பஸ் லேட்டு. நீ என்னடா தம்பி பண்ணுவே? கையைக் கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்றார். மாமாவின் மறைவைப் பற்றி அவர்களிருவருக்கும் இடையே நடந்த பேச்சு, நாம் அறிய, அவ்வளவுதான்.

உணவுக்குப் பின் விசாரணை தொடங்கிற்று. எந்த வண்டியில் ஏறினீர்கள், எண் என்ன, எங்கே இறங்கினீர்கள் என்று அத்தை ஒவ்வொன்றாகக் கேட்டார். பிப்வேவாடி என்றதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அத்தை ஊரில் ஐந்தாம் வகுப்பு வரையில் படித்தவர். மராத்தி எண்களை ரேஷன் கடையில் கற்றாராம். அட்டையில் எழுதும் அளவும் கைக்கு வரும் அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க எண் தெரிந்தாக வேண்டும். தெரியாத மாதத்தில் சர்க்கரை குறைந்தது. தெரிந்த மாதத்தில் குறையவில்லை. அதைவிடச் சிறந்த பயிற்றுமுறையைத் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று சித்தப்பாவே ஒப்புக்கொண்டார். மடியிலிருந்த தாளை அடுத்த ஆண்டுக்கு வைக்காமல் பின்புறம் திருப்பி, ஒன்று முதல் பத்து வரை அத்தை எழுதிக் காட்டினார். கணித ஆசிரியர் ஒவ்வோர் எண்ணின் கீழும் ஐந்து முறை எழுதிப் பழகினார். ஒன்றும் ஒன்பதும் அவரை மிகவும் அலைக்கழித்தன.

மாலையில் இருவரும் போபோடிக்குப் புறப்பட்டுப் போனார்கள். இரண்டு நாள் என்று போனவர் பதினெட்டு நாள் தங்கினார். மாலைதோறும் பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்து, வரும் வண்டிகளின் எண்களை உரக்கப் படிப்பதும், அருகில் அமர்ந்து அத்தை திருத்துவதும் அத்தெருவார்க்கு ஒரு வாடிக்கையான காட்சியாகிவிட்டதாம். கும்பகோணம் திரும்பும் நாளில் ரயில் நிலையத்துக்குச் செல்லும் பேருந்தை அவரே எண் பார்த்துக் கைகாட்டி நிறுத்தினார். எண் சரியாகவே இருந்தது. வழியனுப்ப வந்திருந்த அத்தை மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, நடத்துநரிடம் மராத்தியில் ஒருமுறை கேட்டுக்கொண்டார்.